புழு தின்ற சத்தம்

நில்லுங்க அம்மிணி, அந்த வாசப்படியத் தாண்டீராதீங்க. சென்ட் கிண்ட் அடிச்சிருக்கறீங்களா? இல்லீங்களா? அப்பத் தலைக்கு என்ன வெச்சிருக்கறீங்க? வாசம் இங்க வரைக்கும் வருதே. கோவிச்சுக்காதீங்க, உள்ள விடமாட்டேன். யாரா இருந்தாலும் இதேதான். பட்டு ஆபீசரம்மா வந்தாக்கூட கைகால் கழுவிட்டு, அந்த பிளீச்சிங் பொடிய மிதிச்சுட்டுத்தான் உள்ள வருவாங்க. நீங்க அப்பிடியே சுத்தி, வலையடிச்ச ஜன்னலுக்கிட்ட வந்து நில்லுங்க. அங்கிருந்து எல்லாந் தெரியும். நான் தழை போட்டுட்டே பேசறேன். எனக்கு அது பழக்கந்தான்.

கேக்குதுங்களா? சோன்னு மழை புடிச்ச மாதிரி. அதாங்க புழு தின்ற சத்தம். நாலாந் தூக்கம் முடிஞ்சு எந்திரிச்ச புழு. தூக்கம்னா, புழு தின்றதை நிறுத்திட்டுத் தலையத் தூக்கிட்டு அசையாம நிக்கும், அப்பறம் தோலை உரிச்சுட்டு எந்திரிக்கும். நாலு தடவை அப்பிடி. கடைசித் தூக்கத்துல இருந்து எந்திரிச்சா அதுக்குப் பசின்னா பசி அப்பிடியொரு பசி. அந்த ஒரு வாரம் அதுக்கு வேளாவேளைக்குத் தழை விழுந்தறணும். ஒரு வேளை தப்பினாலும் கூடு இளைச்சுப் போயிரும். அதுதான் இந்தத் தொழில்ல முக்கியம், வேற எதை மறந்தாலும் இதை மறந்தறாதீங்க.

போன்ல என்னமோ கேட்டீங்களே. இந்த வேலைல மனசு நெறயுமான்னு. நெறயுமுங்க. நெறஞ்சிருக்குது. போன மாசம் விவசாயக் கூட்டத்துல மைக்கைக் குடுத்து இதையேதான் கேட்டாங்க. நானும் இதையேதான் சொன்னேன். கை தட்டுனாங்க. நீங்க கம்பெனி வேலைய விட்டுட்டு வரலாமான்னு யோசிக்கறதா ஆபீசரம்மா சொன்னாங்க. வாங்க, தாராளமா வாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்லை.

நான் இதுக்கு வந்தது எப்பிடின்னா, கல்யாணம் ஆகி இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. என்ன வெதைக்கறதுன்னு கேட்டதில்லை, எப்ப விக்கறதுன்னு கேட்டதில்லை. மாமனாரு சொல்லுவாரு, எங்க ஊட்டுக்காரர் செய்வாரு. நாச்சிமுத்துன்னு பேரு அவருக்கு. மாமனாருக்குப் பின்னால எங்க நாத்தனா ருக்குமணி பக்கத்தூர்ல இருந்துட்டே சொல்லுவா, அதையும் செய்வாரு. சின்ன வெங்காயம் போடுன்னா வெங்காயம். தட்டப்பயறுன்னா தட்டப்பயறு. நான் களை எடுக்கறதுக்கும் கஞ்சி காச்சறதுக்கும்.

எம்பொண்ணு மைதிலியக் கட்டிக் குடுத்து ஓசூருக்கு அனுப்பின வருசம், பட்டுப்புழுப் பயிற்சின்னு ஊர்ல தண்டோராப் போடாத கொறையாச் சொன்னாங்க. எல்லாரும் ஆம்பளைங்க. நான் மட்டும் போயி உக்காந்தேன். ஆபீசரம்மா ஒரு புழுவை எடுத்து என் கையில வெச்சாங்க. சில்லுன்னு இருந்துச்சு. அருவருப்பே வரலை. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இது எனக்கானதுன்னு.

ஊட்டுக்கு வந்து சொன்னேன். வெங்காயக் காட்டை எனக்கு விடுங்க, புழுத் தீனிக்கு மல்பெரி வைக்கோணும்னு. அவரு சோத்தைப் பெசஞ்சுட்டே இருந்தாரு. காலைல எந்திரிச்சுப் பாத்தா காட்டுல டிராக்டர் ஓடிட்டிருக்குது. அவ்வளவுதான். நல்லதுன்னு சொல்லலை, கெட்டதுன்னு சொல்லலை. அவரு அப்பிடித்தானுங்க, எதுலயும் ஒரு பிடிப்பு இல்லாத மனுசன். ருக்குமணி வந்து ஒரு ஆட்டம் ஆடுனா, புழுவை வெச்சுப் பொழைக்கறதுக்கு நம்ம என்ன கதியத்துப் போயிட்டோமான்னு. அதுக்கும் அவரு சிரிச்சுட்டே இருந்தாரு. 

இந்தப் புழு வளர்ப்பு மனையக் கட்டினது அவருதான். கொத்தனாரு போட்ட அளவு பத்தாதுன்னு, தெக்க வெயில் படும்னு, அவரே நின்னு செவுத்தைத் தள்ளிக் கட்டினாரு. புழுவை அடுக்கடுக்கா வெக்கற தாங்கி எல்லாம் அவரு அடிச்சது. எனக்குக் கை எட்டற ஒசரத்துக்கு. நீங்க நிக்கறீங்களே அந்த ஜன்னல், அது பிளானிலயே இல்லை. எதுக்கு இங்கொண்ணுன்னு கேட்டேன். காத்து வரட்டும்னாரு.

ஆனா ஒரு கோளாறு. பீடி குடிப்பாரு. பொகையிலைன்னா இந்தப் புழுவுக்கு எமன். கையில அந்த வாசம் இருந்தாப் போதும், வாந்தி எடுத்துச் செத்துப் போகும். அதனால மொதல் நாளே சொல்லிட்டேன், நீங்க உள்ள வரக் கூடாதுன்னு. சரின்னாரு. வரலை. ஒரு தடவைகூட வரலீங்க. அவரு கட்டின கட்டடம், சுண்ணாம்பு அடிச்சு முடிச்சதுக்கப்பறம் உள்ள கால் வெச்சதே இல்லை. தழை வெட்டிக் கட்டுக்கட்டாக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுக் கையைத் தட்டுவாரு. நான் வந்து எடுத்துக்குவேன். 

அப்பறம் அந்த ஜன்னலுக்கு வந்துருவாரு. வந்து நின்னுட்டுப் பேச ஆரம்பிச்சாருன்னா, ஒரு உபயோகமான பேச்சு கிடையாது அம்மிணி. யாரு ஆடு யாரு காட்டுல பூந்துச்சு, ரோட்டுல எந்தக் கலர்ல காரு போச்சு, கெணத்துல தண்ணி எந்தப் படிக்கு நிக்குது. நான் புழுவைப் பாப்பனா, இவரு கதையக் கேப்பனா? ம்ம்னு சொல்லிட்டே தழை போடுவேன். அப்பிடியே நேரம் போயிரும். தழை போட்டு முடிச்சுத் திரும்பினா, போயிருப்பாரு. சில நாள் அங்கயேதான் நின்னுட்டிருப்பாரு, பேச்சு தீந்திருக்கும்.

இப்ப அமைதியா இருக்குது. சத்தம் நல்லாக் கேக்குது. அப்பல்லாம் அவரு பேச்சுல எனக்கு இந்தச் சத்தமே சரியாக் கேக்காது.

அவரு போனது போன வருசம் ஐப்பசியில. இதே மாதிரி நாலாந் தூக்கம் எந்திரிச்ச புழு. நல்லா வந்திருந்துச்சு அந்தத் தடவை, ஒரு சீக்கு கிடையாது. காலைல ஒரு வேளை போட்டுட்டேன். மத்தியான வேளைக்குத் தழை வரலை. வாசல்ல வந்து பாக்கறேன், உள்ள போறேன், மறுபடியும் வந்து பாக்கறேன். புழு எல்லாம் தின்னு முடிச்சுக் குச்சி மேல ஏறி நின்னு தலையத் தலைய ஆட்டுது. எனக்கு வந்த கோவம் இருக்குதே. யாருகிட்டயோ நின்னு கார் கலர் பேசிட்டிருக்காருன்னு நெனச்சேன். போன் போட்டேன். போன் அடிக்கறது எனக்கே கேக்குது, மல்பெரிக் காட்டுக்குள்ள. எடுக்கலை.

போனேன். வரப்புலதான் கெடந்தாரு, ஒருக்களிச்சு. கருக்கருவா ஒரு பக்கம். தழை வெட்டிக் கட்டி வெச்சிருந்தாரு. கடைசிக் கட்டுக்கு மட்டும் கயிறு பாதி சுத்தினபடி இருந்துச்சு. மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்தேன். நெஞ்சைத் தொட்டுப் பாத்தேன். போயிருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. மேலு அப்பவே சில்லுன்னு இருந்துச்சு.

வெயில் கொளுத்திட்டிருந்துச்சு அம்மிணி. வெட்டின தழை வெயில்ல கெடந்தா வாடிரும், வாடினதைப் போட்டாப் புழு திங்காது. அந்தக் கட்டுகளை எடுத்தாந்து வேப்பமரத்து நெழல்ல வெச்சு, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். கடைசிக் கட்டையும் கட்டித்தான் எடுத்தாந்தேன். அப்பறம் திரும்பிப் போயி அவரு மொகத்து மேல வெயில் படாம என் துண்டை விரிச்சுட்டு, ரோட்டுக்கு வந்து ஆளைக் கூப்பிட்டேன்.

இதைச் சொன்னா ஊர்ல ஒரு மாதிரிப் பாக்கறாங்க. என்ன செய்யச் சொல்றீங்க? ஆளைக் கூப்பிட்டா உசிரு வந்திருமா? தழை வாடியிருக்கும், அதான் நடந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, அங்க பாத்துட்டு மாரடைப்புன்னாங்க. பொழுதுக்குள்ள ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. மைதிலி ஓசூர்ல இருந்து வந்து சேர நேரமாகும், காலைல எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணுனாங்க. வாசல்ல பந்தல் போட்டு, பெஞ்சு மேல கெடத்தினாங்க. சனம் வர ஆரம்பிச்சிருச்சு.

அப்பத்தான் அந்த ஊதுபத்திப் பிரச்சினை.

ருக்குமணி வந்தா. அண்ணான்னு வாசல்ல இருந்தே மாருல அடிச்சுட்டு வந்தா. அழட்டும், அவளுக்கு அண்ணன், அழ வேண்டியதுதான். அழுதுட்டு எந்திரிச்சு ஒரு கட்டு ஊதுபத்தியப் பத்த வெச்சு, வாழைப்பழத்துல குத்தித் தலைமாட்டுல வெச்சா. பந்தல் எங்க இருக்குது? தோ, இந்த வாசல்ல. காத்து எப்பிடி அடிக்குது? இந்தப் பக்கமா. பொகை நேரா மனைக்குள்ள போகுது. அதுவும் மட்ட ஊதுபத்தி, ஊரையே தூக்கற வாசம். நான் எந்திரிச்சுப் போயி அதை எடுத்துத் தண்ணியில முக்கிட்டேன். வெளக்கு எரியட்டும், ஊதுபத்தி வேண்டாம், புழு இருக்குதுன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லலை, மெதுவாத்தான் சொன்னேன்.

ருக்குமணி என்னையப் பாத்தா. அழுகைய நிறுத்திட்டுப் பாத்தா.

"எங்கண்ணனுக்கு ஒரு ஊதுபத்திகூட ஆகாதா துளசி?"

நான் உள்ள போயிச் சேலைய மாத்திட்டு, கைகால் கழுவிட்டு, வேப்பமரத்துக்கிட்ட போயி ஈரச் சாக்கை விலக்கினேன். தழை அப்பிடியே பச்சுன்னு இருந்துச்சு. எடுத்தாந்து போட்டேன். வெளிய ஒப்பாரி நடக்குது, உள்ள புழு திங்குது. அந்த ஒரு தடவைதான் அம்மிணி, என் கை ஒரு தாங்கிக்கிட்ட நின்னு போச்சு. அவரு கையால வெட்டின தழை இதோட தீந்துச்சுன்னு தோணுச்சு. தோணுச்சு, அவ்வளவுதான். அப்பறம் அடுத்த தாங்கிக்குப் போயிட்டேன்.

காலைல எடுத்துட்டுப் போனாங்க. பொம்பளைங்க தெரு முக்கு வரைக்கும்தானே. திரும்பி வந்து தலைக்கு ஊத்திட்டு, ஆளுங்களைத் தழை வெட்டச் சொன்னேன். மைதிலி கையப் புடிச்சுட்டா. அம்மா, ஒரு நாள் விடும்மா, செத்தாச் சாகட்டும்மான்னா. எதுடி சாகட்டும்னு கேட்டேன். அவ கையை விட்டுட்டா. நியாயம் என் பக்கம்தானே? வாயில்லா சீவன், நம்மளை நம்பி வந்தது. அதுக்கு என்ன தெரியும், எழவு ஊடுன்னு?

அந்த ஊதுபத்திக் கதைய ருக்குமணி ஊரு ஊராச் சொல்லிட்டா. கல்யாணத்துக்குப் போனாச் சொல்றா, கோயில் நோம்பிக்குப் போனாச் சொல்றா. அதுதான் எனக்கு மனசுல ஒரு இது. மத்தபடி ஒண்ணுமில்லை. நான் அழலைன்னுகூடச் சொல்றாளாம். அழுகை வந்தா அழ மாட்டனா? வரலை. கருமாதி அன்னிக்கு எல்லாரும் இருக்கறாங்களே, வரவெச்சுக்கலாம்னுகூடப் பாத்தேன். அவரு மொகத்தை நெனச்சுப் பாத்தேன். ஜன்னல் வலைக்குப் பின்னால, கட்டம் கட்டமாத்தான் ஞாபகம் வந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் பொட்டிக்கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். ஆறுச்சாமின்னு, அந்தக் கடைக்காரன், நல்லவன்தான். அண்ணன் பீடிய விட்டும் இப்பிடி ஆகிப்போச்சே அக்கான்னான். அவரு எப்பப் பீடிய விட்டாருன்னு கேட்டேன். அவன் முழிக்கறான். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சேக்கா, இங்க வந்து தேன்மிட்டாய்தான் வாங்கிட்டுப் போவாரு, உங்ககிட்டச் சொல்லிட்டேன்னாரேங்கறான்.

என்கிட்டச் சொல்லலீங்க. சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? இல்லை, அந்த ஜன்னலுக்கிட்ட நின்னு எப்பவாச்சும் சொல்லியிருப்பாரோ என்னமோ. காரு, ஆடு, கெணத்துத் தண்ணி, இதுக்கு நடுவுல சொன்னா எனக்கு எப்பிடிக் காதுல விழும்? விட்டிருந்தா உள்ள வந்திருக்க வேண்டியதுதானே. நான் வர வேண்டாம்னு சொன்னது பீடிக்காகத்தானே, ஆளுக்காகவா சொன்னேன்? கூறு கெட்ட மனுசன்.

எழவன்னிக்கு இருந்த அந்தப் புழு நல்லபடியாப் பழுத்துச்சு. பழுக்கறதுன்னா, புழு தின்றதை நிறுத்திட்டு ஒடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி மஞ்சளாயிரும். எடுத்துக் கூடு கட்டற வலையில விட்டோம். கூடு ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி. நான் எடுத்ததுலயே நல்ல மகசூல் அதுதான். ஆபீசரம்மா கையில எடுத்துப் பாத்துட்டு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. நான் என்னமோ ஆணியடிச்ச மாதிரி நின்னேன். சந்தோசப்படணும்னு தெரியுது. சோத்துல உப்பு இருக்குதுன்னு தெரியுது, நாக்குல படலைன்னா எப்பிடி இருக்கும், அந்த மாதிரி. அலுப்புதான், வேறென்ன. 

மைதிலி காட்டை வித்துட்டு வான்னா. இப்பவும் கூப்பிடறா. ஓசூர்ல மாடி ஊடு, உக்காந்து சாப்பிடும்மாங்கறா. நான் போகலை. இங்க எனக்கு நெறவா இருக்குதுன்னு சொல்லிட்டேன். எது நெறவுன்னு கேக்கறா. அவளுக்குச் சொன்னாப் புரியாது.

உங்களுக்குச் சொல்றேன், நீங்க தொழிலுக்கு வரப் போறவங்க. நெறவு எங்க இருக்குதுன்னா, மார்க்கெட்டுல இருக்குது.

நாங்க கூட்டைத் தருமபுரி மார்க்கெட்டுக்குத்தான் கொண்டு போவோம். தூரம்தான், ஆனா அங்க வெலை கட்டும். எப்பவும் நாங்க ரெண்டு பேரும்தான் வேன்ல போவோம். அவருக்கு அங்க தெரியாத ஆளே கிடையாது. நூல் எடுக்கறவங்க, எடை போடறவங்க, டீக்கடைக்காரி எல்லாரும் அண்ணா அண்ணாம்பாங்க. இங்க வாயத் தொறந்து நாலு பேருகிட்ட நியாயம் பேசாத மனுசன், அங்க போனா ராசாதான். 

அவரு போனதுக்கப்பறம் அந்தக் கூட்டை நானே கொண்டு போனேன். வேன் ஓட்டறது நம்மூர்ப் பையன் சிவராசு. வெறும் நெத்தியோட போனா ராசியில்லைன்னு வெலையக் கொறைச்சிருவாங்கன்னு, வழியில ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வெச்சுக்கிட்டேன். தொழில்னு வந்தா அதெல்லாம் பாக்கோணும். கூட்டைத் தொட்டியில கொட்டிட்டு நிக்கறேன். இலியாஸ் பாய் வந்தாரு. வருசக்கணக்கா நம்ம கூட்டை எடுக்கறவரு. ஒரு கூட்டை எடுத்துக் காதுக்கிட்ட ஆட்டிப் பாத்தாரு. கண்ணு விரிஞ்சுபோச்சு. அப்பறம் என் பின்னால, வேன் பக்கம், அந்தப் பக்கம், எல்லாம் தேடினாரு.

"அண்ணன் எங்கம்மா, காணோம்?"

சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். இந்த மாதிரி ஆகிப்போச்சுங்க பாய்னு சொல்லோணும். சத்தியமா அதைத்தான் சொல்ல நெனச்சேன்.

"தழை வெட்டோணுமில்லீங்க, வரலை"ன்னு வாயில வந்திருச்சு.

சிவராசு பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தான். குனிஞ்சு கூட்டைப் பரப்பிட்டிருந்தான். பாய் சிரிச்சுட்டு, இந்த மாதிரிக் கூடு நான் பாத்ததில்லைன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க, அவரு தழைக்குத்தான் இந்த மினுமினுப்புன்னாரு. சொல்றேனுங்கன்னேன். டீக்கடைக்காரி வேற, அண்ணன் வரலையான்னு ரெண்டு வர்க்கி பிஸ்கட்டைக் காகிதத்துல சுத்திக் குடுத்துவிட்டா. வாங்கிக்கிட்டேன். வேன்ல வரும்போது பொறுமையாத் தின்னேன். நல்லா இருந்துச்சு. இனிப்பு நாக்குல தெரிஞ்சுச்சு.

அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் அப்பிடியே ஆகிப்போச்சு. ஒரு தடவை காச்சல்னேன். ஒரு தடவை பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்காருன்னேன். பாய் இப்பெல்லாம், என்னம்மா அண்ணன் எங்களை மறந்துட்டாரான்னு கோவிச்சுக்கறாரு. சோம்பேறியாயிட்டாருங்க பாய், ஊட்டுல உக்காந்துட்டு என் உசிர வாங்கறாருன்னு நானும் சொல்லுவேன். அவரு சிரிப்பாரு. எனக்கும் சிரிப்பு வரும். அங்க நிக்கறப்ப மனசு அப்பிடி நெறஞ்சு போயிக் கெடக்குது அம்மிணி, என்னன்னே சொல்லத் தெரியலை. வெலை நல்லாக் கெடைக்குதில்ல, அதனால இருக்கும். அதுக்காகத்தான் சொல்றேன், இதை விடவே முடியாது. அடுத்த மகசூல், அடுத்த மகசூல்னு மனசு அங்கயேதான் போகுது.

இந்தப் புழு கூடு கட்டினதும் நானே போன் பண்றேன். நீங்களும் வேன்ல வாங்க, மார்க்கெட்டையும் ஒரு தடவை பாத்துக்குங்க, தொழிலுக்கு ஆகும். ஒண்ணே ஒண்ணு மட்டும். அங்க யாராச்சும் எங்க ஊட்டுக்காரரைப் பத்தி விசாரிச்சா, நீங்க ஒண்ணுஞ் சொல்லிக்க வேண்டாம். நான் பேசிக்கறேன்.